மருத்துவச்சிக்கு வந்த பயம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், டோக்கும் என்ற ஊரின் நூலக மாடி அறையில் ஹிஸ்கே கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுப்பாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். பேச்சு முழுக்க மனப்பாடம். எந்த இடத்தில் பெண்கள் சிரிப்பார்கள், எந்த இடத்தில் கணவன்மார்கள் நாற்காலியில் நெளிவார்கள் என்பதுகூட மனப்பாடம். "வலி உங்க எதிரி இல்ல. அது ஒரு அலை. அதோட சண்டை போடாம மேல மிதந்து பாருங்க. உங்க உடம்புக்கு எல்லாம் தெரியும்" என்று முடிப்பாள். அந்த வருடம் அவளே ஏழு மாத வயிற்றோடு நின்று சொன்னதால் பேச்சுக்கு ஒரு தனி எடுப்பு வந்திருந்தது.

அன்றைக்கு முதல் வரிசையில் ரிக்ஸ்ட் கையைத் தூக்கினாள். ஊரில் தபால் போடுகிற பெண், முதல் பிரசவம், ஹிஸ்கேயிடம்தான் மாதாமாதம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்க பெத்துக்கப் போறீங்க?"

"வீட்டுலதான். வேற எங்க?" என்றாள் ஹிஸ்கே.

அறையே தலையாட்டியது. யாரோ கைகூடத் தட்டினார்கள். மேசை மேலிருந்த அவளுடைய கைப்பைக்குள், க்ரோனிங்கன் ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்ன சீட்டு மடித்துக் கிடந்தது. குரல் துளி நடுங்கவில்லை. பொய்யில் தனக்கு இவ்வளவு தேர்ச்சி எப்போது வந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

எல்லாம் பிப்ரவரியில் ஒரு பண்ணை வீட்டில் ஆரம்பித்தது. அங்கே ஒன்றும் விபரீதம் நடக்கவில்லை. மூன்றாவது குழந்தை, சுலபமான பிரசவம். அந்தப் பெண் ஹிஸ்கேயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தாள். ஹிஸ்கே வழக்கம்போல, "ரொம்ப நல்லா பண்றீங்க, அருமை, அருமை" என்றாள். இரண்டு வலிகளுக்கு நடுவே அந்தப் பெண் தலையைத் தூக்கி, "அவ்வளவு அருமைன்னா நீ வந்து படுத்துப் பாரு" என்றாள்.

இதை அவள் நூறு பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். கேட்டுச் சிரித்திருக்கிறாள், மதிய உணவின்போது மற்றவர்களிடம் சொல்லியும் சிரிக்க வைத்திருக்கிறாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. இன்னும் நான்கு மாதத்தில் நிஜமாகவே வந்து படுக்க வேண்டியவள் அவள். திரும்பும் வழியில் கடற்கரை அணைக்குக் கீழே காரை நிறுத்தி, மேயும் ஆடுகளைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றே பன்னிரண்டு வருடம் ஓட்டியாகிவிட்டது. அந்தப் பக்கத்தைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்த ஆடுகளுக்கு முன்னால்தான் அவளுக்கு உறைத்தது. ஆட்டுக்கு இருக்கும் துணிச்சல்கூட நமக்கு இல்லையே என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது.

வீட்டில் கணவன் வீபேயிடம் சொன்னாள். வீபே நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவன்.

"நான் ஆஸ்பத்திரியில பெத்துக்கப் போறேன். டாக்டர்கிட்ட. வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி போட்டுக்கிட்டு."

"சரி" என்றான் வீபே. உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்?"

"ஊருக்கெல்லாம் நியாயம் பேசுவியே, கடைசியில நீயே இப்படியான்னு கேட்கணும்!"

"கேட்டா திட்டுவ."

"கேக்கலைன்னாலும் திட்டுவேன்."

"அப்ப சரின்னு சொல்லிட்டே திட்டு வாங்கிக்கறேன்" என்று அடுத்த கிழங்கை எடுத்தான்.

ஆனால் டாக்டரிடம் போக ஒரு காரணம் வேண்டும். அந்த நாட்டில் உடம்பில் கோளாறு இல்லாத கர்ப்பிணிகளுக்கு மருத்துவச்சிதான், டாக்டர் இல்லை. இந்த விதியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பதினைந்து கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசியவள் ஹிஸ்கே. குடும்ப டாக்டர் கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ரத்த அழுத்தம் சரியா இருக்கு. சர்க்கரை இல்ல. குழந்தை நல்லா வளருது. என்னன்னு எழுதறது, ஹிஸ்கே?"

"பயம்னு போடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு 'பிரசவ பயம், கடுமையானது' என்று தட்டினார். 'கடுமையானது' என்று போடச் சொல்லி அவள் கேட்கவே இல்லை.

லேவார்டன் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் எல்லாருக்கும் அவளைத் தெரியும். அங்கிருந்த மகப்பேறு டாக்டர் ஒருவரை நடைவழியில் நிறுத்தி, "உங்களை விட்டா பசு கன்னு போடறதைக்கூட ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு வந்துடுவீங்க" என்று சொன்னவள் அவள். அதனால் க்ரோனிங்கன். மாகாண எல்லையைத் தாண்டிவிட்டால் மானம் தப்பும் என்று கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை மழைத்தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தாள். எதிரே, தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு பெண். பத்திரிகைக்குக் கீழே தபால் துறைச் சட்டை தெரிந்தது.

ஹிஸ்கே மெல்ல எழுந்து காபி இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு நிமிடம் கழித்து ரிக்ஸ்டும் ஒளிய இடம் தேடி அதே இயந்திரத்துக்குப் பின்னால் வந்தாள். இரண்டு வயிறுகளும் முட்டிக்கொண்டன.

"ஐயோ" என்றாள் ரிக்ஸ்ட். முகம் சிவந்துவிட்டது. "நான்... எங்க அத்தையைப் பார்க்க வந்தேன்."

"மகப்பேறு பிரிவுலயா?"

ரிக்ஸ்ட் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "திட்டாதீங்க. எனக்கு ஊசி போட்டுக்கணும். போன மாசம் உங்ககிட்ட சொல்ல வாயெடுத்தேன். நீங்க உடனே அலை, கடல்னு ஆரம்பிச்சிட்டீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? உங்களுக்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

ஹிஸ்கே தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தன் முகம் அன்பான முகம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வகுப்பு விளம்பரத்தில்கூட அந்த முகத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"நானும் அதே மூஞ்சிக்குப் பயந்துதான் வந்தேன்" என்றாள் கடைசியில்.

ரிக்ஸ்ட்டுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரல்களுக்கு நடுவே பீறிட்டது. "வீட்டுலதான், வேற எங்கன்னு சொன்னீங்களே!"

"சத்தம் போடாதே."

"நாங்க கை தட்டினோமே!"

"அதான் சொல்றேன், சத்தம் போடாதே."

டாக்டர் ஹிஸ்கேயை நான்கு நிமிடத்தில் பார்த்து முடித்தார். வாட்டசாட்டமான, தூக்கமில்லாத மனிதர். இவ்வளவு பெரிய துரோகத்தைச் செய்து வந்திருக்கிறோம், கொஞ்சம் நேரமாவது எடுத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். "எல்லாம் நல்லா இருக்கு. வலி வந்ததும் வாங்க. ஊசி கேட்டா போடுவோம். பிரசவத்தை எங்க மருத்துவச்சி பார்த்துப்பாங்க" என்றார்.

"மருத்துவச்சியா? நீங்க பார்க்க மாட்டீங்களா?"

"சிக்கல் வந்தா வருவேன். இல்லைன்னா நான் எதுக்கு? இங்க எல்லாருக்கும் மருத்துவச்சிங்கதான். அவங்க ரொம்பத் திறமைசாலிங்க" என்றார், மருத்துவச்சிகளைப் பற்றி அறியாத ஒருத்திக்கு எடுத்துச் சொல்வதுபோல. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வாரங்கள் ஹிஸ்கே இரட்டை வாழ்க்கை வாழ்ந்தாள். வெளியே வீட்டுப் பிரசவ ஏற்பாடு தடபுடலாக நடந்தது. கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டைகளை வாங்கி வைத்து உயர்த்தியாகிவிட்டது. பிரசவம் பார்க்கிறவருக்கு இடுப்பு நோகக் கூடாதே. அந்த உயரத்துக்கு அவளும் வீபேயும் ராத்திரிதோறும் வைக்கோல் பரணில் ஏறுவதுபோல ஏறிப் படுத்தார்கள். பஞ்சும் விரிப்பும் அடங்கிய பெட்டி அலமாரி மேல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது. அவளோடு கூட்டாக மருத்துவச்சி நிலையம் நடத்தும் ஆல்ட்யே பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவள் வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். ஆல்ட்யேக்கு வயது ஐம்பத்தெட்டு. ஹிஸ்கேக்கு வேலை பழக்கியதே அவள்தான்.

"தலை நல்லா இறங்கியிருக்குடி. கட்டில் கட்டை வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"வெந்நீர் பாட்டில்?"

"ரெண்டு இருக்கு."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல, ஆல்ட்யே."

ஆல்ட்யே கையைக் கழுவிக்கொண்டே, "சரி, சரி" என்பாள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இடுப்பில் வலி எடுத்தது. பிள்ளைகளுக்கு நீச்சல் சான்றிதழ்த் தேர்வு என்று வீபே குளத்துக்குப் போயிருந்தான். முதல் பிரசவம், பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும், இது வெறும் ஒத்திகை வலி என்று ஹிஸ்கே தனக்குத்தானே நிபுணத்துவ அபிப்பிராயம் வழங்கிவிட்டு வீடு கூட்டினாள். ஒன்பது மணிக்குக் கூட்டுகிற மெஷினைக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தாள். இன்னும் அரை மணி நேரத்தில் குழந்தை கம்பளத்தில் விழுந்துவிடும் என்று அதே நிபுணர் அபிப்பிராயத்தை மாற்றினாள். வீபேக்குப் போன் செய்தாள்.

"வா. உடனே வா."

"நாலு பிள்ளைங்க ஆழத்துல இருக்காங்க."

"மேல தூக்கிப் போட்டுட்டு வா!"

அவன் தலையில் ஈரமும் கழுத்தில் விசிலுமாக வந்தான். க்ரோனிங்கன் சாலையில் பாதி தூரம் போனதும் கால்வாய்ப் பாலத்தில் மணி அடித்து, தடுப்பு இறங்கி, பாலம் நிதானமாக மேலே எழுந்தது. வரிசையாக ஆறு பாய்ப்படகுகள். எல்லாவற்றிலும் வெயில் தொப்பி போட்ட ஓய்வூதியக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காரைப் பார்த்துக் கையாட்டினார்.

"திருப்பிக் கையாட்டாதே!" என்று பல்லைக் கடித்தாள் ஹிஸ்கே.

"பழக்கதோஷம்" என்று வீபே கையை இறக்கினான். பிறகு அவள் முதுகைத் தடவி, நல்ல எண்ணத்தோடுதான், "அலை மாதிரி... மேல மிதந்து..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் அடுத்த இருபது கிலோமீட்டருக்கு வாய் திறக்கவில்லை.

பிரசவ அறை வாசலில் அவளை வரவேற்ற மருத்துவச்சி நெட்டையாக இருந்தாள், பின்னலை உச்சியில் சுற்றிக் கட்டியிருந்தாள். யோரிந்தா. ஆறு வருடங்களுக்கு முன்னால் ஹிஸ்கேயிடம் நான்கு மாதம் பயிற்சிக்கு வந்தவள். அவளுடைய மதிப்பீட்டுத் தாளில், 'பொறுமை போதாது; கொஞ்சம் வலி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துடிக்கிறாள்' என்று ஹிஸ்கே தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

பூமி பிளக்காதா என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை, பனிக்குடம்தான் உடைந்தது, யோரிந்தாவின் வெள்ளைச் செருப்பு மேலேயே.

"கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கும். பன்னிரண்டு வருஷ அனுபவத்துல சொல்றேன். சீக்கிரம் ஊசி போடச் சொல்லு" என்றாள் ஹிஸ்கே கட்டிலில் சாய்ந்தபடி.

யோரிந்தா கையுறை மாட்டிப் பார்த்தாள். "மூணு" என்றாள்.

"இருக்காது. இன்னொரு தடவை பாரு."

"மூணேதான், ஹிஸ்கே. தாராளமா சொன்னா மூணரை. மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுட்டேன். தியேட்டர்ல இருக்காங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

அந்த ஒரு மணி நேரத்தில் ஹிஸ்கே தன் போதனைகள் அனைத்தையும் வரிசையாகப் பயன்படுத்திப் பார்த்தாள். மூச்சை எண்ணிப் பார்த்தாள். அலையை நினைத்துப் பார்த்தாள். அலை அவளைப் புரட்டி எடுத்தது. பன்னிரண்டு வருடமாகத் தான் "கொஞ்சம் அசௌகரியம்" என்று சொல்லி வந்தது இதைத்தானா? அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களை வரிசையில் நிற்க வைத்து அறைய வேண்டும் என்று தோன்றியது. வரிசையின் முதல் ஆளாகத் தானே நிற்க வேண்டியிருக்கும் என்பதும் தோன்றியது. வீபேயின் விசில் வாரைக் கடித்துக்கொண்டு, அவன் அம்மா வரை பரம்பரையையே திட்டினாள். யோரிந்தா இடுப்பின் கீழே உள்ளங்கையை அழுத்தி வைத்தபடி நின்றாள். 'அருமை' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தக் கை எடுக்கப்பட்டபோதெல்லாம் ஹிஸ்கே, "எங்க போற? வை, வை" என்று கத்தினாள்.

ஊசி வந்தது. கால்மணியில் வலி தூரத்து வீட்டில் ஓடும் ரேடியோபோல ஆகிவிட்டது. ஹிஸ்கே சுற்றும்முற்றும் பார்த்தாள். ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தது. இதற்கு முன் எதுவும் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"யோரிந்தா, உன் தாள்ல நான் எழுதினது..."

"ஞாபகம் இருக்கு."

"தப்பா எழுதிட்டேன்."

"முழுசும் தப்பில்ல. அப்ப எனக்கு நிஜமாவே பொறுமை இல்ல. ஆனா ரெண்டு நாள் அழுதேன்" என்று யோரிந்தா ட்ரிப்ஸைச் சரிபார்த்தாள். "கொஞ்சம் தூங்குங்க. முக்கறதுக்குத் தெம்பு வேணும்."

ஹிஸ்கே தூங்கியே விட்டாள், குறட்டையோடு. இதை வீபே பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னான். ஐந்து மணிக்கு யோரிந்தா எழுப்பி, நேரமாகிவிட்டது, முக்க வேண்டும் என்றாள். எல்லாம் தெரிந்த அந்த உடம்புக்கு நேரம் வந்ததே தெரியவில்லை. யோரிந்தா வயிற்றில் கையை வைத்து, "இப்ப" என்றால் முக்கினாள், "போதும்" என்றால் நிறுத்தினாள். முதல் நாள் பயிற்சி மாணவி மாதிரி சொன்னபடியெல்லாம் கேட்டாள். ஐந்து நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ அறுநூறு. ஈரமும் கோபமுமாக நெஞ்சின் மேல் வந்து விழுந்தபோது, ஆயிரம் குழந்தைகளை எடுத்த கைகளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. "தலையைத் தாங்குங்க" என்று யோரிந்தாதான் சொல்ல வேண்டியிருந்தது. ஹிஸ்கே அழுதாள். வீபே அதற்கும் மேலே அழுதான். டாக்டர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "நல்வாழ்த்துகள்" என்றார். கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். அவரைத் தேடித்தான் அவள் மாகாணம் தாண்டி வந்தது.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்து உயர்ந்த கட்டிலில் ஏறிப் படுத்தாள். போனில் ரிக்ஸ்ட் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: ஊசி வலித்ததா? 'கொஞ்சம். அதுக்கு முன்னாடி நிறைய வலிச்சுது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல' என்று ஹிஸ்கே பதில் போட்டாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கர்ப்பிணிக்கு அவள் சொன்ன மிகச் சின்னப் பதில் அதுதான்.

திங்கள்கிழமை ஆல்ட்யே தாயையும் சேயையும் பார்க்க வந்தாள். குழந்தையை எடை போட்டாள், தொப்புளைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள். ஹிஸ்கே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ஆல்ட்யே, எல்லாம் திடீர்னு... கடைசி நிமிஷத்துல வேற வழியில்லாம..."

"நிறுத்துடி. ஆஸ்பத்திரிக்காரங்க கர்ப்பிணியோட மருத்துவச்சி நிலையத்துக்குக் கடிதம் அனுப்புவாங்க, உனக்குத் தெரியாதா? உன்னோட மருத்துவச்சி நிலையம் எது?"

"நம்மளோடதுதான்" என்றாள் ஹிஸ்கே.

"எட்டு வாரமா என் மேசை டிராயர்ல இருக்கு. 'பிரசவ பயம், கடுமையானது'" என்று ஆல்ட்யே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, வேற ஏதாவது சொல்லணுமான்னு. நீதான் வெந்நீர் பாட்டில் ரெண்டு இருக்குன்ன." ஆல்ட்யே தராசை மடித்துப் பையில் வைத்தாள். இரண்டு தடவை வைத்தாள், முதல் தடவை சரியாகப் போகவில்லை. "நீ எங்க பெத்தா என்னடி, ஊசி போட்டா என்ன? எத்தனை பேரை நாமளே வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கோம். உனக்கு நாள் குறிச்ச வாரம் பூரா நான் வேற எந்தப் பிரசவமும் வச்சுக்கல. ஒருவேளை நீ கடைசியில மனசு மாறி என்னைக் கூப்பிடுவியோன்னு. இல்ல, அங்க வந்து சும்மா பக்கத்துல உட்காருங்கன்னாவது சொல்லுவியோன்னு."

இது ஹிஸ்கே நினைத்தே பார்க்காதது. கேலியை எதிர்பார்த்து எட்டு வாரம் ஒளிந்திருந்தாள். யாரோ ஒருத்தி போன் பக்கத்தில் காத்திருப்பாள் என்று தோன்றவே இல்லை. "மன்னிச்சிடுங்க" என்றாள். ஆல்ட்யே, "பாலைக் குடிக்க வை, அழுதுக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு, போகும்போது கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினாள். ஆனால் மறுநாளும் வந்தாள்.

அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் வீபே குழந்தையின் பிறப்பைப் பதிந்துவிட்டுத் திரும்பினான். அவனுடைய அப்பா சீட்ஸே அதற்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளை பிறந்த வீட்டில் தருகிற, சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கை நொறுக்கிக்கொண்டிருந்தார். மாட்டுப் பண்ணை வைத்து ஓய்ந்தவர். மருத்துவச்சி, டாக்டர், ஊசி எதிலும் அவருக்கு அக்கறை இல்லை. சான்றிதழை வாங்கிக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"யில்டௌ. நல்ல பேரு" என்றார். அடுத்த வரியில் அவர் முகம் மாறியது. "பிறந்த இடம்... க்ரோனிங்கனா?"

"பிறந்த ஊர்லதான்பா பதியணும். சட்டம் அது."

"என் பேத்தி க்ரோனிங்கன்காரியா? ஃப்ரீஸ்லாந்துல ஒரு ஆஸ்பத்திரி இல்லையா? பாஸ்போர்ட்டுல சாகிற வரைக்கும் இப்படியேதானா இருக்கும்?"

"ஆமாம்பா" என்றான் வீபே.

அவர் ஹிஸ்கேயைப் பார்த்தார். "லேவார்டன் இருபத்தஞ்சு நிமிஷம். ஏம்மா அங்க போகல?"

"அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும், அப்பா."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

ஹிஸ்கே யோசித்தாள். நான்கு மாதமாகத் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வி. நாணமா, திமிரா, என்ன பெயர் சொன்னாலும் அந்த ரஸ்க்குத் தட்டுக்கு முன்னால் அது எடுபடாது என்று தெரிந்தது. "நல்லதுதான்" என்றாள்.

சீட்ஸே சான்றிதழைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தார், கன்றுக்குட்டிகளைத் தூக்கிப் பழகிய கைகளால், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தலையைச் சரியாகத் தாங்கி. ஜன்னல் பக்கம் போய் நின்று, நடந்த தவறை உடனே திருத்திவிட வேண்டும் என்பதுபோல, ஃப்ரீஸ்லாந்தின் பதினொரு நகரங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் குழந்தையின் காதில் சொல்ல ஆரம்பித்தார். லேவார்டன். ஸ்னேக். ஐல்ஸ்ட். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, மனதில் ஏறிவிட்டதா என்று முகத்தைப் பார்த்தார். நான்காவது நகரத்தில் குழந்தை கொட்டாவி விட்டது. ஐந்தாவதில் ஹிஸ்கே தூங்கிப்போனாள்.